பழைய சுபாருவில் கம்பெனி பிளாக் ஹீட்டர் பொருத்துவது எப்படி

வினிப்பெக், சஸ்கட்டூன், எட்மன்டன் போன்ற கனடாவின் பிரேரி நகரங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள், நிறுத்தியிருக்கும் கார்களின் முன்பக்கக் கிரில்லிலிருந்து மூன்று முனைப் பிளக் ஒன்று எட்டிப்பார்ப்பதைக் கண்டு, ஊரில் இத்தனை மின்சாரக் கார்களா என்று வியப்பதுண்டு. அது பிளாக் ஹீட்டரின் பிளக். ‘பிளாக்’ எனப்படும் எஞ்சின் வார்ப்புக்குள் இருக்கும் கூலன்ட்டில், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில், மூழ்கியபடி கிடக்கும் ஒரு சிறிய மின்சூடேற்றிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பதற்காக அந்தப் பிளக் வெளியே விடப்பட்டிருக்கிறது. இந்தப் பகுதியில் விற்கப்படும் புதிய கார்கள் பலவற்றில் இதை வாங்கும்போதே பொருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். வன்கூவரிலோ டொராண்டோவிலோ பல ஆண்டுகள் ஓடிய காரைக் கைமாற்றாக வாங்கி, வேலை மாற்றத்தோடு பிரேரிக்குக் கொண்டுவருகிறவருக்கு அந்த வசதி இருப்பதில்லை.

பொருத்துவது பெரிய வேலை என்று பலர் தயங்குகிறார்கள். உண்மையில் எஞ்சினை வடிவமைத்தவர்களே அதற்கான இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். துளையிடவோ வெட்டவோ வேண்டியதில்லை. வேலையின் பெரும்பகுதி, கூலன்ட்டை இறக்கிவிட்டுக் காற்றில்லாமல் மீண்டும் ஏற்றுவதிலும், வயரைச் சரியான வழியில் இழுத்துக் கட்டுவதிலும்தான் இருக்கிறது. பின்னாளில் வரும் கோளாறுகளும் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே ஹீட்டரைத் திருகுவதைப் பற்றிச் சுருக்கமாகவும், மற்ற இரண்டையும் விரிவாகவும் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, ஈஜே25 எஞ்சின் கொண்ட பழைய சுபாரு ஃபாரஸ்டர், லெகஸி, அவுட்பேக் கார்களை எடுத்துக்கொள்கிறேன். பிரேரித் தெருக்களில் இன்றும் இவை நிறைய ஓடுகின்றன.

ஹீட்டர் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எப்போது தேவையில்லை என்பதும் புரியும். கடுங்குளிரில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எண்ணெய் தடித்துப்போவதால் எஞ்சினைச் சுழற்ற அதிக விசை தேவைப்படுகிறது. அதே வேளையில், அந்த விசையைத் தரவேண்டிய ஈய அமில பேட்டரியின் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 5டபிள்யூ-30 என்ற எண்ணெயில் ‘5டபிள்யூ’ என்பது, மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு எண்ணெய் இளகியிருக்கிறதா என்று சோதித்துக் கொடுக்கப்படும் தரம். ‘0டபிள்யூ’ எண்ணெய்க்கு அந்தச் சோதனை மைனஸ் 35 டிகிரியில் நடக்கிறது, ‘10டபிள்யூ’ எண்ணெய்க்கு மைனஸ் 25 டிகிரியில். வினிப்பெக்கில் ஜனவரி இரவுகள் மைனஸ் 30ஐத் தொடுவது அபூர்வமல்ல என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், மைனஸ் 15 வரை நல்ல பேட்டரியும் சரியான எண்ணெயும் இருந்தால் ஹீட்டர் ஒரு வசதி மட்டுமே. மைனஸ் 25க்குக் கீழே இரவு முழுவதும் திறந்தவெளியில் நிற்கும் பழைய காருக்கு அது அவசியம். அமெரிக்காவில் வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், எஞ்சின் தலைப்பகுதியின் போல்ட் ஒன்றுக்குப் பதிலாகத் திருகும் ஹீட்டருக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஹீட்டர்களின் வடிவம் மாறியிருந்தாலும், ஏற்கெனவே இருக்கும் ஒரு திருகின் இடத்திலேயே சூடேற்றியை வைப்பது என்ற அந்த யோசனை மாறவில்லை.

எந்த வகையை வாங்குவது

கடையில் பல வகைகள் கிடைக்கும். கீழ் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் செருகும் வகை, எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டும் சிலிகான் பட்டை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை, எண்ணெய் அளவுக் கம்பியின் குழாய்க்குள் விடும் மெல்லிய ஹீட்டர் என்று அவை நீளும். அளவுக்கம்பி ஹீட்டரைப் பரிந்துரைக்கமாட்டேன். அதன் வாட் அளவு மிகக் குறைவு, எண்ணெயை ஒரே இடத்தில் மட்டும் சூடாக்கும். காந்த வகையை எஞ்சினில் ஒட்டலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள், ஈஜே எஞ்சினின் பிளாக் அலுமினியம் என்பதை மறந்துவிடுகிறார்கள்; அதில் காந்தம் ஒட்டாது. சிலிகான் பட்டை நல்ல பொருள்தான், ஆனால் அது கூலன்ட் ஹீட்டருக்குத் துணையாக இருக்கவேண்டியது, அதற்கு மாற்று அல்ல.

கம்பெனியின் சொந்த ஹீட்டரையே வாங்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. ஈஜே எஞ்சினில் அது பிளாக்கின் அடிப்பக்கத்தில், கூலன்ட் வழியை அடைத்திருக்கும் ஒரு திருகு மூடியின் இடத்தில் உட்காருகிறது. மரையின் அளவும், உள்ளே நீளும் சூடேற்றுக் குழாயின் நீளமும் அந்த வார்ப்புக்கென்றே தீர்மானிக்கப்பட்டவை. சூடேற்றுக் குழாய் உள்ளே வார்ப்புச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மலிவுப் பொருள்களில் இந்த ஆபத்து அதிகம். டீலரின் உதிரிப்பாகப் பிரிவில் காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்தால், சரியான ஹீட்டரையும் வயரையும் எடுத்துத் தருவார்கள். 2011 ஃபாரஸ்டரிலிருந்து எஃப்பி வகை எஞ்சின் வந்துவிட்டதால், காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஹீட்டரும் வயரும் தனித்தனியாக விற்கப்படுகின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது சர்வசாதாரணமாக நடக்கிறது.

பொருள் கைக்கு வந்ததும், பொருத்துவதற்கு முன்பே மல்டிமீட்டரால் சோதித்துவிடுங்கள். 120 வோல்ட்டில் 400 வாட் எடுக்கும் ஹீட்டரின் மின்தடை 36 ஓம் அளவில் இருக்கவேண்டும். வோல்ட்டை வர்க்கப்படுத்தி வாட்டால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும், உங்கள் ஹீட்டரின் வாட் வேறானால் அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம். முனைகளுக்கும் உலோக உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. கிடைத்த எண்ணை வண்டியின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் காரின் அடியில் படுக்காமலேயே, பிளக்கின் முனைகளில் அளந்து ஹீட்டரின் உடல்நலத்தை அறிய இந்த எண் உதவும்.

கூலன்ட்டை இறக்குதல்

இந்த வேலையைச் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடித்துவிடுவது நல்லது. பனி விழுந்த பிறகு, காரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டவுடன் உடையும்; ஈரக் கையோடு வேலை செய்வதும் கொடுமை. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் கைவைக்கப்போகும் இடத்தை ஒட்டியே புகைபோக்கிக் குழாய்கள் செல்கின்றன. காரைச் சாய்தளத்தில் ஏற்றியோ, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் இறக்கியோ வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழையக் கூடாது.

அடித்தட்டுக் கவசத்தைக் கழற்றிய பிறகு, ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடிக்கவேண்டும். பழைய ரேடியேட்டரில் இந்தத் திருகு பிளாஸ்டிக்கால் ஆனது. வயதாகி உலர்ந்திருந்தால் முறிந்துவிடும், ஆகவே இடுக்கியைப் பயன்படுத்தாமல் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ரேடியேட்டர் காலியான பிறகும் பிளாக்குக்குள் கணிசமான கூலன்ட் மிச்சமிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதுதான் அடுத்த மூடியைத் திறக்கும்போது முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். அகலமான பாத்திரமும் கண்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடியும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலின் கிளைக்கால் இனிக்கும், நாய்க்கும் பூனைக்கும் குழந்தைக்கும் கொடிய நஞ்சு. ஒரு சொட்டுக்கூடத் தரையில் விடாமல் துடைத்து, பழைய கூலன்ட்டை மூடியுள்ள கேனில் ஊற்றி, எட்மன்டனில் இக்கோ ஸ்டேஷன், வினிப்பெக்கில் 4ஆர் டிப்போ போன்ற நகராட்சிச் சேகரிப்பு இடங்களில் கொடுத்துவிடுங்கள்.

இனி, சரியான மூடியைக் கண்டுபிடிக்கவேண்டும். சுபாருவின் அடியில் எஞ்சின் எண்ணெய், ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் ஆகியவற்றின் வடிகால் மூடிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருக்கின்றன. எண்ணெய் மாற்றும் கடைகளிலேயே எஞ்சின் எண்ணெய்க்குப் பதிலாகக் கியர் எண்ணெயை வடித்துவிடும் கூத்து நடக்கிறது என்பதால், உங்கள் ஆண்டுக்குரிய சர்வீஸ் மேனுவலின் படத்தை அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்வது கௌரவக் குறைச்சல் அல்ல. தேடவேண்டியது அலுமினிய பிளாக்கின் உடலிலேயே பதிந்திருக்கும், நடுவில் உள் அறுகோணக் குழி கொண்ட பெரிய மூடியை. பொதுவாக அதற்கு 14 மி.மீ. அறுகோணச் சாவி தேவைப்படும். அந்தக் குழியில் சாலை மண்ணும் உப்பும் கெட்டித்துப்போயிருக்கும். கம்பித் தூரிகையாலும் மெல்லிய திருப்புளியாலும் அடிவரை சுரண்டி எடுத்த பிறகே சாவியை முழு ஆழத்துக்கு இறக்கவேண்டும். பாதி ஆழத்தில் நின்ற சாவியை நீண்ட கைப்பிடியால் நெம்பினால் குழியின் மூலைகள் வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு அந்த மூடியை எடுப்பது தனி வேலையாகிவிடும். முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவைப்பது உதவும்.

மூடி வெளியே வந்து, கூலன்ட் வடிந்து முடிந்த பிறகு, பிளாக்கின் மரையைத் துணியால் துடைத்து, பழைய பசையின் துகள்களை நீக்குங்கள். ஹீட்டரோடு வந்த அறிவுறுத்தல் தாள் என்ன அடைப்பானைச் சொல்கிறதோ அதையே பயன்படுத்தவேண்டும். ரப்பர் வளையம் உள்ள ஹீட்டராக இருந்தால், அந்த வளையத்தில் புதிய கூலன்ட்டைத் தடவினால் போதும். கூலன்ட்டுக்கான ரப்பர் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் உப்பிப்போகும். முதல் சில சுற்றுகளைக் கண்டிப்பாக விரல்களால் மட்டுமே திருகுங்கள். அலுமினிய மரையில் கோணலாக ஏறிய எஃகுத் திருகு, மரையை உரித்துக்கொண்டு போய்விடும். கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, தாளில் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய மூடியை எறியாமல் ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள். என்றாவது ஹீட்டர் கசிந்தால் அதுவே வண்டியைக் காப்பாற்றும்.

மீண்டும் நிரப்புதல், காற்றை வெளியேற்றுதல்

எப்படியும் கூலன்ட் முழுவதையும் இறக்கிவிட்டதால், பழையதைத் திரும்ப ஊற்றாமல் புதிதாகவே நிரப்புங்கள். எத்திலின் கிளைக்காலும் வாலைவடி நீரும் சரிபாதியாகக் கலந்தால், ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அறுபதுக்கு நாற்பது என்று கலந்தால் மைனஸ் 50ஐத் தாண்டும். அதற்கு மேல் கிளைக்காலைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு உறைநிலை மீண்டும் மேலே ஏறத் தொடங்கும், வெப்பத்தைக் கடத்தும் திறனும் குறையும். இந்தத் தலைமுறை சுபாருக்களில் முதலில் பச்சைக் கூலன்ட்டும், பின்னர் வந்தவற்றில் நீலக் கூலன்ட்டும் நிரப்பப்பட்டன. இரண்டையும் கலக்காமல் உங்கள் ஆண்டுக்குரியதையே வாங்குங்கள். இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளின் ஈஜே25 எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் எஞ்சின் தலைப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) வெளிப்புறமாகக் கசிவது தெரிந்த விஷயம். அதற்காகச் சுபாரு நிறுவனமே ஒரு கூலன்ட் கண்டிஷனரைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. கூலன்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் ஒரு புட்டி சேர்ப்பது வழக்கம்.

காற்றை வெளியேற்றுவதுதான் இந்த எஞ்சினில் பொறுமையைக் கேட்கும் பகுதி. படுக்கை வாட்டில் அமைந்த எஞ்சின், கீழ் ஹோஸ் பக்கத்தில் தெர்மோஸ்டாட் என்ற அமைப்பினால், அவசரமாக ஊற்றினால் உள்ளே காற்றுப் பைகள் தங்கிவிடும். காற்றுப் பை ஹீட்டரைச் சுற்றி நின்றுவிட்டால் புதிய ஹீட்டர் சில நிமிடங்களில் எரிந்துபோகலாம். வேறு இடத்தில் நின்றால் எஞ்சினே அதிகமாகச் சூடேறலாம். ஆகவே காரின் முன்பக்கத்தைச் சற்று உயரமாகவே வைத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் மூலையிலுள்ள காற்றுத் திருகைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் குமிழியில்லாமல் கூலன்ட் எட்டிப்பார்க்கும் வரை மிக மெதுவாக ஊற்றுங்கள். நடுநடுவே மேல் ஹோஸைக் கையால் பிழிந்துவிட்டால் குமிழிகள் மேலே வரும். பிறகு திருகை மூடி, காருக்குள் வெப்பக் காற்று தரும் ஹீட்டரை உச்சச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருந்து, முழுவதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து குறைந்ததை நிரப்பவேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது; இதே சுற்றை மறுபடியும் செய்யுங்கள். இந்தச் சுற்றுகள் முடிந்து, எஞ்சின் ஒரு முறையாவது முழுச் சூட்டுக்கு வந்து போகும்வரை, பிளக்கை மின்சாரத்தில் செருகவே கூடாது.

வயரும் பிளக்கும்

ஹீட்டர் மூழ்கியிருக்கும் இடத்தில் குளிரோ உப்போ அதைத் தொடுவதில்லை. எல்லா அடியும் வயருக்குத்தான். ஹீட்டரின் முனையில் வயரைச் செருகுமுன் இணைப்பியின் உள்ளே மின்காப்பு கிரீஸைக் கொஞ்சம் வைத்தால், சாலை உப்பு உள்ளே புகாது. வயரை மேலே கொண்டுவரும்போது புகைபோக்கிக் குழாயிலிருந்து ஒரு கை அகலத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, பெல்ட், விசிறி, ஸ்டியரிங் மூட்டு ஆகியவற்றின் வழியில் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எஞ்சின் அதன் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும் என்பதால், எஞ்சினிலிருந்து உடற்சட்டத்துக்குத் தாவும் இடத்தில் மட்டும் வயரைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். மற்ற இடங்களில் குளிர் தாங்கும் கட்டுப்பட்டைகளால் இறுக்கமாகக் கட்டுங்கள். கூர்மையான தகட்டு விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒரு துண்டு ஹோஸை வெட்டி உறையாகப் போடலாம். கட்டி முடித்ததும், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், பானெட்டை மூடித் திறந்தும், வயர் எங்கும் நசுங்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பிளக்கைக் கிரில் வழியாக, குனியாமல் கை எட்டும் உயரத்தில், மூடியோடு நிறுத்திவையுங்கள். பம்பரின் அடியில் தொங்கவிட்டால், முதல் பனிமேட்டில் மோதும்போதே அது சேற்றையும் பனியையும் அள்ளிக்கொள்ளும். ஓட்டுநர் பக்கமாக அதை வைத்தால், கதவுக்குப் போகும் வழியில் கண்ணில் படும், பிளக்கைக் கழற்றாமல் காரை எடுத்துச் செல்லும் சம்பவமும் குறையும்.

முதல் சோதனையை, எஞ்சின் ஆறியிருக்கும் அமைதியான மாலையில் செய்யுங்கள். பிளக்கைச் செருகி ஓரிரு நிமிடங்களில் காதை எஞ்சின் அருகே வைத்துக் கேட்டால், அடுப்பில் வைத்த கெண்டி கொதிப்பதற்கு முன் எழுப்புவதுபோன்ற மெல்லிய ‘ஸ்ஸ்’ ஓசை வரும். ஓசை வந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பிளாக்கைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். ஜிஎஃப்சிஐ பாதுகாப்புள்ள (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தை நிறுத்தும்) வெளிப்புறச் சுவர்ப்பிளக் உடனே துண்டித்துக்கொண்டால், அதைக் குறை சொல்லிக்கொண்டு வேறு பிளக்குக்கு மாறாதீர்கள். வயரிலோ இணைப்பியிலோ ஈரம் கசிகிறது என்று அது சொல்கிறது. மறுநாள் காரின் அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தால், கூலன்ட் கசிவு இருந்தால் சொட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நீட்டிப்பு வயராக, வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் கடுங்குளிருக்கும் ஏற்றதென்று உறையில் அச்சிட்ட, மூன்று கம்பிகள் கொண்ட 14ஆம் எண் வயரை வாங்குங்கள். எண் கூடக்கூட வயர் மெலியும், ஆகவே 16, 18 என்று மலிவாகக் கிடைப்பவை வேண்டாம். 400 வாட் ஹீட்டர் எடுப்பது மூன்றரை ஆம்பியருக்கும் குறைவுதான் என்றாலும், நீளமான மெல்லிய வயரின் பிளக் முனை சூடாகி உருகுவதைக் கண்டிருக்கிறேன். பனிக்குள் புதைந்து கிடக்கும் இணைப்பையும் தவிர்க்கவேண்டும். மாலையில் வீடு வந்ததும் செருகிவிட்டு, காலைவரை ஓடவிடுவது வீண்செலவு. பத்து மணி நேரத்தில் நான்கு யூனிட் போகும். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் டைமர் மின்சாரம் கொடுத்தால் 1.2 யூனிட்டில் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கும், ஏனென்றால் அதற்குப் பிறகு எஞ்சின் வாங்கும் சூடும் குளிருக்கு இழக்கும் சூடும் சமமாகிவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களில் உள்ள பிளக்குகள், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இடைவெளி விட்டு இயங்குவதுண்டு. அங்கே ஹீட்டரின் ஓசை கேட்கவில்லை என்றால், சற்று நேரம் பொறுத்து மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் முதல் உறைபனிக்கு முன், பிளக்கின் இரு மின்முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்து, குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் அப்படியே இருந்தால் வேறெதுவும் செய்யவேண்டாம். முடிவிலி என்று காட்டினால், ஹீட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் வயரைக் கழற்றி ஹீட்டரின் முனையிலேயே அளந்துபாருங்கள். பெரும்பாலும் மாற்றவேண்டியது வயராக இருக்கும், அதற்குக் கூலன்ட்டை இறக்கவேண்டிய வேலையே இல்லை.